மறுத்துப் பேசும் ஒருவருக்கு எழுதச் சொல்லுங்கள்

கேள்வி: மேடவாக்கத்தில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். பருவநிலை மாற்றம் பறவைகளை எப்படிப் பாதிக்கிறது என்று எழுதச் சொன்னால், எல்லாரும் ‘பறவைகளைக் காப்போம்’ என்றே முடிக்கிறார்கள். படிப்பவரை இணங்கவைக்கும்படி எழுத எவ்வாறு பழக்குவது?

பதில்: ‘காப்போம்’ என்பதை மறுப்பார் எவருமில்லை, மறுப்பே இல்லாத இடத்தில் இணங்கவைக்கவும் எதுவுமில்லை. ஆகவே முதலில் வாசகரை முடிவு செய்யுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் மனை வாங்க எண்ணும் சித்தப்பாவுக்கு எழுதச் சொன்னால், பிள்ளைகளின் நடை தானாகவே மாறும்.

அடுத்தது காரணச் சங்கிலி. இதற்கு ஐரோப்பாவின் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பானைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும் இச்சிறு பறவை, பகற்பொழுதின் நீளத்தை உணர்ந்து வடக்கே கிளம்புகிறது. ஆனால் அங்கே வசந்தம் முன்கூட்டியே வெப்பமடைவதால், குஞ்சுகளுக்கு இரையாகும் புழுக்கள் பெருகும் காலம், இப்பறவை வந்து சேர்ந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதற்குள் கடந்துவிடுகிறது. நெதர்லாந்தில், புழுக்கள் மிக முந்திப் பெருகும் காடுகளில் இப்பறவையின் எண்ணிக்கை சுமார் 90 விழுக்காடு சரிந்ததாக 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. இதை மாணவர்கள் ‘ஆகவே’ என்னும் சொல்லால் கோத்து எழுதட்டும். எந்தக் கண்ணி விடுபட்டாலும் ‘ஆகவே’ பொருந்தாமல் நிற்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

பிறகு நம் ஊருக்கு வாருங்கள். கடினமான பாடம் இங்கேதான் இருக்கிறது. “பள்ளிக்கரணை சுருங்கியதற்குக் கட்டடங்களும் குப்பைமேடும் காரணம், வெயிலா காரணம்?” என்று சித்தப்பா கேட்பார், அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டு தொடங்கக் கற்றுக்கொடுங்கள். சுருங்கிய சதுப்புநிலத்தால் பெருமழையையும் வறட்சியையும் முன்போல் தாங்க முடியாது, ஆகவே மழை தாறுமாறாகும் காலத்தில் எஞ்சிய நிலத்தின் மதிப்பு கூடுகிறது என்று அங்கிருந்து வாதத்தை நகர்த்தலாம். வேடந்தாங்கலையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏரி நிரம்பினால்தான் நீரில் நிற்கும் மரங்களில் பறவைகள் கூடு கட்டும். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. ஆனால் அந்த ஓராண்டுப் பொய்ப்பையே பருவநிலை மாற்றத்துக்குச் சான்றாக எழுதினால் அடித்துத் திருத்துங்கள். பருவநிலை என்பது பல பத்தாண்டுகளின் போக்கு. மிகைப்படுத்திய ஒரு வரியைக் கண்டுபிடித்துவிட்டால் சித்தப்பா மற்ற வரிகளையும் நம்பமாட்டார்.

முதல் வரைவு முடிந்ததும் குறிப்பேடுகளை மாற்றிக்கொள்ளச் செய்யுங்கள். பக்கத்திலிருக்கும் மாணவர் சித்தப்பாவாக இருந்து ஒரேயொரு மறுப்பை எழுதட்டும். அதற்குப் பதிலாக ஒரு பத்தியை மட்டும் திருத்தி எழுதினால் போதும். மதிப்பெண்ணில் பாதியை அந்தப் பத்திக்கே கொடுங்கள். முடிந்தால் டிசம்பரிலோ ஜனவரியிலோ ஒரு காலை, சதுப்புநிலத்தை ஒட்டிச் செல்லும் துரைப்பாக்கம் - பல்லாவரம் சாலையோரம் அழைத்துச் சென்று, பூநாரைகளையும் ஊசிவால் வாத்துகளையும் தேடச் செய்து, கண்டதைத் தேதியுடன் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.