டிரோன் பறக்கிறது, கைப்பேசியில் படம் மட்டும் வருவதில்லை. கேமராவை மாற்றத்தான் வேண்டுமா?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: மடக்கி எடுத்துச் செல்லும் சிறிய டிரோன், தோட்டத்தில் பறக்கும்போது செம்பனை மட்டையில் உரசிக் கீழே விழுந்தது. இப்போதும் மேலே எழும்புகிறது, ரிமோட் சொன்னபடி கேட்கிறது, ஆனால் கைப்பேசித் திரை கறுப்பாகவே இருக்கிறது. கடையில் காட்டியதற்கு, "கேமரா போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து அவசரப்பட்டுப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தோட்டக் கோயில் திருவிழா, கல்யாணம், சிறு தோட்டக்காரர்களின் செம்பனை நிலம் என்று டிரோனில் படம் எடுப்பது என் தொழில். சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் பழுதான டிரோன்களை என்னிடம் கொண்டுவருவதும் வழக்கமாகிவிட்டது. 'படம் வரவில்லை' என்று வருகிறவற்றில் கேமரா உண்மையிலேயே கெட்டுப்போனது குறைவு. கேமரா பார்த்துக்கொண்டுதான் இருக்கும். பார்த்தது உங்கள் கைக்கு வரும் வழியில் எங்கோ அறுந்திருக்கும். அந்த இடத்தை, திருப்புளியைத் தொடாமலே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், இறக்கைகளைக் கழற்றிவிட்டு டிரோனை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்து இயக்குங்கள். திரை கறுப்பாக இருந்தாலும், ஓரத்தில் பேட்டரி விழுக்காடு, உயரம், செயற்கைக்கோள் எண்ணிக்கை ஆகியவை தெரிகின்றனவா? இப்போதைய கேமரா டிரோன்களில் படமும் இந்த எண்களும் ஒரே ரேடியோ இணைப்பில்தான் இறங்கி வருகின்றன. எண்கள் வந்தால் அந்த இணைப்பு உயிரோடு இருக்கிறது, ரிமோட்டையும் கைப்பேசியையும் இணைக்கும் கேபிளும் வேலை செய்கிறது என்று பொருள். கிட்டத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எண்களுக்கு மிகக் குறைந்த தரவு போதும், படத்துக்கு நிறைய வேண்டும். இணைப்பு பலவீனமானால் எண்கள் தப்பிப் பிழைக்கும், படம்தான் முதலில் உறைந்து நிற்கும். தூரத்தில் வைத்துச் சோதித்தால் ஆண்டெனா கோளாறும் கேமரா கோளாறும் ஒன்றுபோலத் தெரிந்து குழப்பிவிடும்.

அடுத்து, திரையில் படம் தெரியாவிட்டாலும் ரிமோட்டில் இருக்கும் பொத்தானை அழுத்தி ஒரு நிமிடம் வீடியோ பதிவு செய்யுங்கள். பிறகு மெமரி கார்டைக் கணினியில் போட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையைப் பலரும் சொல்வார்கள். ஆனால் கார்டு எங்கே செருகப்படுகிறது என்பதைப் பொறுத்து இதன் பொருளே மாறிவிடும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஃபேன்டம் 3 போன்ற பழைய மாடலில் கார்டு கேமராப் பகுதியிலேயே இருக்கிறது. அதில் கார்டில் படம் பதிவாகி, திரையில் மட்டும் வராவிட்டால், கேமராவிலிருந்து உடலுக்குப் போகும் தட்டையான ரிப்பன் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மடக்கும் சிறிய டிரோன்களில் பெரும்பாலும் கார்டு உடற்பகுதியில் இருக்கிறது. அங்கே கார்டில் நல்ல படம் பதிவாகியிருந்தால், கேமராவும் கேபிளும் நலம். கோளாறு செயலியிலோ, கைப்பேசியிலோ, ஒளிபரப்பும் பகுதியிலோ இருக்கிறது. எண்கள் வருகின்றன, ஆனால் கார்டில் ஒன்றுமே பதிவாகவில்லை என்றால், கேமராவுக்கும் மெயின் போர்டுக்கும் இடையில் பாருங்கள். உங்கள் டிரோன் விழுந்ததாகச் சொல்வதால், எனக்கு அங்கேதான் சந்தேகம்.

செயலி, கைப்பேசி விஷயத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வேறொரு கைப்பேசியில், வேறொரு கேபிளில் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். மின்னேற்றம் மட்டும் செய்யும் கேபிள்கள் கடைகளில் ஏராளம். அவற்றில் தரவு போகாது. ஒரே கைப்பேசியில் இரண்டு டிரோன் செயலிகள் இருந்தால், ஒன்று மற்றதன் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றை முழுதாக நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் செயலியைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்திலிருந்தே எடுங்கள். டிரோன், ரிமோட் இரண்டின் ஃபர்ம்வேரும் (உள்ளே பதிந்திருக்கும் மென்பொருள்) ஒரே காலத்தவையா என்றும் பாருங்கள்.

இனி விழுந்த டிரோனுக்கு வருகிறேன். கேமராவைத் தாங்கும் கிம்பல் மூன்று அச்சுகளில் சுழல்கிறது. அந்த மூட்டுகளின் வழியே, தலைமுடி அளவே தடிமனுள்ள கோஆக்சியல் கம்பிகள் (நடுக்கம்பியைச் சுற்றி உலோக உறை உள்ளவை) ஒரு கற்றையாக வளைந்து நெளிந்து போகின்றன. படம் அவற்றில்தான் போகிறது. மோட்டார்களுக்கான மின்சாரம் பெரும்பாலும் தனியாக ஒரு ரிப்பனில் போகும். அதனால்தான் கிம்பல் ஒழுங்காக ஆடினாலும் படம் இல்லாமல் போகலாம். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ரிமோட்டின் சக்கரத்தை மெதுவாகத் திருப்பி, கேமராவை நேர்ப்பார்வையிலிருந்து தரையை நோக்கும் நிலைவரை இறக்குங்கள். மின்சாரம் ஓடும்போது கையால் தள்ளக் கூடாது. ஏதாவது ஒரு கோணத்தில் படம் ஒரு கணமாவது மின்னினால், கம்பி மூட்டுக்குள் அறுந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கை இப்படி ஒன்றைக் கொண்டுவந்தாள். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கச் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. "அண்ணா, கீழே பார்க்கும்போது மட்டும் வருகிறது, நிமிர்த்தினால் போய்விடுகிறது" என்றாள். பாதிப் பழுதை அவளே கண்டுபிடித்துவிட்டாள். திறந்து பார்த்தபோது, கற்றையைச் சுற்றியிருந்த கறுப்பு நாடா மூட்டின் விளிம்பில் தேய்ந்து, உள்ளே ஒரே ஒரு கம்பியின் செம்பு வெளியே பளபளத்தது. லென்ஸில் கீறல்கூட இல்லை. கேபிளை மட்டும் மாற்றினோம். அவளிடமும் ஒரு கடையில் கேமராவையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. தோட்டத்துப் பிள்ளை பல மாதம் சேர்த்த பணம் அது.

நீங்களே திறப்பதானால், உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் திறக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றிவையுங்கள், உப்பியிருந்தால் அதை இனிப் பயன்படுத்தவே கூடாது. ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படம் எடுங்கள், முக்கியமாகக் கற்றை எத்தனை சுற்றுச் சுற்றி எந்தப் பள்ளத்தில் படுத்திருக்கிறது என்பதை. கோஆக்சியல் கற்றையின் முனையில் இருக்கும் சிறிய இணைப்பிக்கு மேல் ஓர் உலோகத் தகடு திருகப்பட்டிருந்தால், அதைக் கழற்றிய பிறகே பிளாஸ்டிக் நெம்பியால் செங்குத்தாக மேலே தூக்க வேண்டும். கம்பியைப் பிடித்து இழுத்தால் போர்டிலுள்ள இணைப்பியே பெயர்ந்து வந்துவிடும். ரிப்பன் கேபிள் வேறு வகை: அதற்குப் பூட்டுபோல ஒரு மடல் இருக்கும், அதை நிமிர்த்திவிட்டு இழுத்தால் தானாக வரும். விழுந்த வேகத்தில் இணைப்பி சற்றே கழன்றிருப்பதும் உண்டு. அப்படியானால் அழுத்திப் பொருத்தினாலே படம் வந்துவிடும், எதையும் வாங்க வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் இணைப்பியில் பச்சை பூத்திருந்தால் ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தொட்டு மென்தூரிகையால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள்.

புதிய கேபிளை மாடலின் பெயர் மட்டுமன்றி, பழையதன் நீளமும் முனைகளும் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். பழையது போன அதே பாதையில், அதே தளர்ச்சியுடன் போட வேண்டும். இறுக்கமாகப் போட்டால் புதியதும் அதே இடத்தில் அறும். மூடுவதற்கு முன், மின்சாரம் இல்லாத நிலையில் கேமராவை விரலால் எல்லாப் பக்கமும் சுழற்றிப் பாருங்கள். எங்கும் தடுக்கக் கூடாது. போர்டிலுள்ள இணைப்பி பெயர்ந்திருந்தால் வீட்டில் முயலாதீர்கள். ஈப்போவில் நுண்ணோக்கி வைத்துக் கைப்பேசி போர்டுகளைப் பற்றவைக்கும் கடைகளில் கேளுங்கள்.

கேபிள் சரியாக இருந்து, கிட்டத்தில் படம் வந்து, சற்றுத் தள்ளிப் போனதும் உடைந்தால் ஆண்டெனாவைப் பாருங்கள். பல மடக்கும் டிரோன்களில் அது முன்கால்களுக்குள் இருக்கிறது. கால் அடிபட்டால் உள்ளே கம்பி கழன்றுவிடும். ஆனால் அதற்கு முன் நீங்கள் நின்ற இடத்தையும் யோசியுங்கள். செம்பனை மட்டைகளில் உள்ள நீர் 2.4, 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைகளை உறிஞ்சிவிடுகிறது, 5.8ஐ இன்னும் அதிகமாக. மரத்தடியில் நின்றுகொண்டு அடுத்த வரிசைக்கு அப்பால் டிரோனைத் தாழ இறக்கினால், பழுதே இல்லாத டிரோனிலும் படம் போகும். தோட்டச் சாலையின் திறந்த பகுதிக்கு வாருங்கள். ரிமோட் ஆண்டெனாவின் முனையை டிரோனை நோக்கி நீட்டாமல், அதன் அகன்ற பக்கம் டிரோனைப் பார்க்கும்படி வையுங்கள். நடுப்பகல் வெயிலில் டிரோனைத் தரையில் இயக்கியபடியே விட்டாலும், உள்ளே சூடேறிப் படம் நின்றுவிடும். மேசையில் சோதிக்கும்போது ஒரு விசிறியை அதன் பக்கம் திருப்பிவையுங்கள்.

பழுது நீக்கியபின் கிம்பலைச் சமதரையில் அளவுதிருத்தம் செய்து, முதலில் தலைக்குச் சற்று மேலே நிறுத்திப் பார்த்துவிட்டுப் பிறகு தூரம் போங்கள். இன்னொன்றையும் மறவாதீர்கள்: படம் மட்டும் போய், கட்டுப்பாடு இருந்தால், டிரோன் தானாகத் திரும்பி வரும் என்று நம்பியிருக்க முடியாது. கட்டுப்பாட்டு இணைப்பு அறுந்தாலோ, பேட்டரி மிகக் குறைந்தாலோதான் பொதுவாகத் தானாகத் திரும்பும். ஆகவே படம் போன உடனே ரிமோட்டில் திரும்பி வரும் பொத்தானை நீங்களே அழுத்துங்கள். அந்தத் திரும்பும் உயரத்தை, சுற்றிலும் உள்ள மரம், கோபுரம் எல்லாவற்றுக்கும் மேலாக, மலேசிய விதிமுறை அனுமதிக்கும் 400 அடிக்குள் முன்கூட்டியே அமைத்துவிடுங்கள்.

மாடலின் பெயரையும், எண்கள் வருகின்றனவா, கார்டில் பதிவாகிறதா என்ற இரண்டுக்கும் விடையையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எந்தக் கேபிள் வாங்குவது என்று பார்த்துச் சொல்கிறேன்.