கொலாஜன் பவுடரை விடுங்க, முதல்ல நீங்க ரெண்டு பேரும் ரத்தம் குடுங்க

கேள்வி: எங்க பையனுக்கு எட்டு மாசம். பொறந்ததுல இருந்தே எங்க உரசினாலும் கொப்புளம். டிஸ்ட்ரோஃபிக் எபிடெர்மோலைசிஸ் புல்லோசான்னு சொல்லிட்டாங்க. ஜீன் ரிப்போர்ட்ல கொலாஜன் 7 ஜீன்ல ரெண்டு மாற்றம் காட்டுது, ஒண்ணு நோய் உண்டாக்குறது உறுதி, இன்னொண்ணு "அர்த்தம் உறுதியாகல"ன்னு இருக்கு. எங்க ரெண்டு பேருக்கும் தோல்ல ஒரு பிரச்சினையும் இல்ல. அடுத்த குழந்தைக்கு 25 சதவீதம்னு ஒரே வரியில சொல்லி அனுப்பிட்டாங்க. கொலாஜன் குறைபாடுதானே, பவுடர் குடுத்தா சரியாகும்னு ஒருத்தர் சொல்றார். குடுக்கலாமா? அடுத்த குழந்தை பத்தி யோசிக்கலாமா?

பதில்: பவுடர் வேணாம். எட்டு மாசக் குழந்தைக்கு அதை விக்க வர்றவரை வாசல்லயே நிறுத்துங்க.

கொலாஜன்னு பொதுவா சொல்றோமே, அதுல மொத்தம் 28 வகை இருக்கு. டப்பால வர்றது மாட்டுத் தோல், மீன் தோல்ல இருந்து எடுக்குறது, பெரும்பாலும் முதல் வகை. உங்க பையனுக்குச் சரியா இல்லாதது ஏழாவது வகை, அதோட வேலையே வேற. மேல்தோலையும் அதுக்குக் கீழ இருக்குற தோலையும் கொக்கி போட்டுப் பிடிச்சு வைக்குறது அதுதான், கொக்கி இல்லன்னா லேசா தேச்சாலே ரெண்டு அடுக்கும் பிரிஞ்சு நடுவுல நீர் கோத்துக்கும். அதுவும் போக, வாய் வழியா எந்தக் கொலாஜனைக் குடுத்தாலும் வயித்துலயும் குடல்லயும் அமினோ அமிலமாவும் குட்டிக் குட்டித் துண்டாவும் உடைஞ்சு போயிடும், பருப்பு சாப்பிட்டா என்ன ஆகுமோ அதேதான். உடம்புல மூலப்பொருள் இருக்கு, செய்முறைல, அதாவது ஜீன்ல, எழுத்துப் பிழை. சரியா எடை ஏறுதா, சத்து போதுமான்னு டாக்டர் பாக்குறது தனி விஷயம், அதை விட்டுடாதீங்க.

இதே ஆளு நாளைக்கு "ஸ்டெம் செல் ஊசி", "ஜீன் தெரபி"ன்னு பேக்கேஜோட வருவார், எனக்கு இந்த வகையறாவை நல்லாவே தெரியும். ஜீன் தெரபி இருக்கு, பொய் இல்ல. 2023 மே மாசம் அமெரிக்காவுல ஒரு ஜெல்லுக்கு அனுமதி குடுத்தாங்க, பெருகாத மாதிரி மாத்துன ஹெர்பீஸ் வைரஸுக்குள்ள சரியான கொலாஜன் 7 ஜீனை வச்சு வாரம் ஒரு தடவை புண்ணு மேல சொட்டு சொட்டா விடுறது. புண்ணு ஆறுது, ஆனா திரும்பத் திரும்ப விடணும், நோய் மொத்தமா போயிடாது. "ஒரே ஊசில நிரந்தரத் தீர்வு, அட்வான்ஸ் மட்டும் கட்டுங்க"ன்னா போனை வச்சுடுங்க.

இப்ப அந்த 25 சதவீதம். உங்க ரெண்டு பேரையும் டெஸ்ட் பண்ணாம அந்த நம்பரை யாரும் சொல்லியிருக்கவே கூடாது. பதினாலு பக்க ரிப்போர்ட் குடுக்குறாங்க, கடைசி வரியில "நோய் அறிகுறியோட பொருத்திப் பாக்கவும்", தோல் டாக்டர் ஜீன் டாக்டரைக் கேளுங்கறார், ஜீன் டாக்டர் தோல் டாக்டர்கிட்ட போங்கறார், நடுவுல குழந்தையைத் தூக்கிக்கிட்டு அலையறது பெத்தவங்க. சரி விடுங்க.

கொலாஜன் 7ங்கறது மூணு புரி சேர்த்து முறுக்குன கயிறு மாதிரி. ஒவ்வொருத்தருக்கும் இந்த ஜீன் ரெண்டு பிரதி, அப்பாகிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணு. ஒரு பிரதி புரியே செய்யாமப் போனா கயிறு எண்ணிக்கை பாதியாகும், இருக்குறது நல்ல கயிறு, அது போதும். அதனாலதான் கேரியருக்கு, அதாவது ஒரு பிரதி மட்டும் கெட்டுப் போனவங்களுக்கு, வெளிய ஒண்ணும் தெரியாது. பையனுக்கு இருக்குற மாற்றத்துல ஒண்ணு உங்ககிட்ட, இன்னொண்ணு உங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்குன்னு ரத்தத்துல தெரிஞ்சு, உறுதியாகாத அந்த மாற்றமும் கெட்டதுதான்னு ஆச்சுன்னா, அப்பதான் 25 சதவீதம். அதுவும் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் புதுசா 25, ஒண்ணுக்கு வந்துடுச்சு அடுத்த மூணும் தப்பிச்சிடும்னு கணக்குப் போடாதீங்க.

இன்னொரு வழி இருக்கு, அதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க, ஏன்னா இதைத்தான் யாரும் சொல்றதில்ல. சில மாற்றத்துல புரி உருவாகும், ஆனா கோணலா. கிளைசின்னு ஒரு அமினோ அமிலம் அந்தப் புரியில மூணாவது மூணாவது இடத்துல வரணும், அந்த இடத்துல வேற ஒண்ணு வந்து உக்காந்தா முறுக்கு சரியா விழாது. பாதிப் புரி கோணல்னா மூணும் நல்லதா சேர்ற கயிறு எட்டுல ஒண்ணுதான். அப்ப ஒரே ஒரு மாற்றமே நோய்க்குப் போதும், அந்த உறுதியாகாதது சும்மா கூட வந்ததா இருக்கலாம். அந்த ஒண்ணு உங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் இல்லன்னா பையன்கிட்டதான் புதுசா வந்திருக்குன்னு அர்த்தம், அடுத்த குழந்தைக்கு ரிஸ்க் 25 கிடையாது, ரொம்பக் கம்மி. ஆனா பூஜ்யம்னும் சொல்ல மாட்டேன். சில சமயம் அப்பாவோட விந்து செல்லுல ஒரு பங்குலயோ, அம்மாவோட கருமுட்டைல ஒரு பங்குலயோ மட்டும் அந்த மாற்றம் ஒளிஞ்சிருக்கும், ரத்தம் சுத்தமா நார்மல்னு காட்டும், ரெண்டாவது குழந்தையும் அதே நோயோட பொறக்கும். அதனாலதான் ஜீன் ஆலோசனை சொல்ற நாங்க 1 சதவீதத்தை ஒட்டி ஒரு நம்பர் சொல்லி, ரத்தம் நார்மலா இருந்தாலும் கர்ப்பத்துல டெஸ்ட் பண்ணிக்கலாம்னு சொல்றோம்.

ஆக இப்ப செய்ய வேண்டியது, அந்த ரெண்டு மாற்றம் உங்ககிட்ட இருக்கான்னு மட்டும் பாக்குற சின்ன டெஸ்ட். மொத்த ஜீனோமும் பாக்கணும், பெரியம்மா பசங்க வரைக்கும் பாக்கணும்னு லேப் ஏஜென்ட் ஆரம்பிச்சா மறுத்துடுங்க. முடிவு வந்ததும் உறுதியாகாத மாற்றத்தைத் திரும்ப மதிப்பிடச் சொல்லி லேபுக்கு எழுத்துல கேளுங்க. அப்பவும் குழப்பம்னா தோல் பயாப்ஸி, அதாவது தோல்ல சின்னத் துண்டு எடுத்துப் பாக்குறது, ஆனா பழைய கொப்புளத்துல எடுக்க விடாதீங்க, தோல் திரும்ப வளர ஆரம்பிச்சுட்டா பிளவு எந்த அடுக்குன்னு தப்பாக் காட்டும். பென்சில் ரப்பரை வச்சு லேசாத் திருகி புதுசா ஒரு பிளவு உண்டாக்கி அங்கதான் எடுக்கணும், தெரிஞ்சவங்க அப்படித்தான் எடுப்பாங்க.

அது வரைக்கும் வீட்டுல: கொப்புளம் பெருசாக விடாம சுத்தமான புது ஊசியால அடிப்பக்கம் குத்தி நீரை வெளிய விடுங்க, மேல் தோலை உரிக்காதீங்க. ஒட்டுற பிளாஸ்திரி கூடவே கூடாது. சட்டையைத் திருப்பிப் போடுங்க, தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும். அக்குள்ல கை குடுத்துத் தூக்காம, பின்பக்கமும் கழுத்தும் தாங்கித் தூக்குங்க.

அடுத்த குழந்தைக்கு முயற்சி பண்றதுக்கு முன்னாடியே ரிசல்ட் கையில இருக்கணும். நஞ்சுக்கொடில எடுக்குற டெஸ்ட் 11 வாரத்துல இருந்து பண்ணலாம், ஆனா எந்த மாற்றத்தைத் தேடணும்னு லேபுக்குத் தெரியலன்னா அந்த ஊசியைக் குத்தியும் பிரயோஜனம் இல்ல. ஏற்கனவே நாள் தள்ளிப் போயிருந்தா இதைப் படிச்ச கையோட ரெண்டு பேரும் போய் ரத்தம் குடுத்துடுங்க.