பத்திரப்பதிவுக்குப் புதன் வக்கிரம் தடையா?

கேள்வி: மகன் பெயரில் மனை வாங்குகிறோம். அக்ரிமென்ட் கெடு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புதன் வக்கிரத்தில் கையெழுத்துப் போட்டால் வில்லங்கம் வரும் என்கிறார் ஜோதிடர். மகன் ஜாதகத்திலும் புதன் வக்கிரம், அஸ்தங்கம் (சூரியனுக்கு மிக அருகில் வந்து மறைவது) என்று இரட்டை தோஷமாம். பரிகாரம், மரகதக் கல் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: பதிவைத் தள்ளிப்போடாதீர்கள் அம்மா. கெடு தாண்டி அட்வான்ஸ் சிக்கிக்கொண்டால் ஜோதிடரா வாங்கித் தருவார்?

வக்கிரம் என்றால் கிரகம் பின்னோக்கிப் போவது என்பார்கள். புதன் நிஜத்தில் பின்னால் போவதில்லை. 88 நாளில் சூரியனைச் சுற்றிவிடும் கிரகம் அது. உள்வட்டத்தில் நம் பூமியை முந்தும்போது பின்வாங்குவது போலத் தெரியும், அவ்வளவுதான். வருஷத்துக்கு மூன்று முறை, சில வருஷம் நான்கு முறை, ஒவ்வொன்றும் சுமார் மூன்று வாரம். அத்தனை நாளும் சார்பதிவாளர் ஆபீஸைப் பூட்டியா வைக்கிறார்கள்? முகூர்த்தத்துக்குத் திதி, நட்சத்திரம், லக்னம் பார்க்கிறோம். கல்யாணத்துக்கு குரு, சுக்கிர அஸ்தமனமும் பார்ப்பதுண்டு. 'புதன் வக்கிரத்தில் கையெழுத்துப் போடாதே' என்பது மேல்நாட்டுச் சரக்கு. ரீல்ஸ் வழியாக இங்கே வந்து இப்போது பரிகாரமாக விலை போகிறது.

இரட்டை தோஷம் என்பதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வக்கிரத்தின் நடுக்கட்டத்தில் புதன் சூரியனோடு சேராமல் இருக்கவே முடியாது. கிரகத்தின் ஓட்டம் அப்படி. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு பெயர் சொல்லி இரண்டு பரிகாரம் வாங்குகிறார்கள். கிரகத்தின் வலிமையை அளக்கும் ஷட்பலக் கணக்கில், வக்கிர கிரகத்துக்குச் சேஷ்டா பலம் (ஓட்டத்தால் வரும் வலிமை) கூடுமே தவிரக் குறையாது. ஐந்தாறு பேரில் ஒருவர் புதன் வக்கிரத்தில் பிறந்தவர்தான். அவர்கள் யாரும் சொத்து வாங்கவில்லையா?

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மகன் பிறந்த தேதி வக்கிரம் தொடங்கும் நாளையோ நிவர்த்தியாகும் நாளையோ ஒட்டி வருகிறதா? அப்படியானால் பழைய வாய்பாட்டுக் கணக்கான வாக்கியப் பஞ்சாங்கப்படி எழுதிய ஜாதகத்தில் புதனுக்குப் பக்கத்தில் வக்கிரத்தைக் குறிக்கும் (வ) இருக்கும், இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதத்தில் இருக்காது, அல்லது நேர்மாறாக. இரண்டுக்கும் தேதி முன்பின்னாக வரும். மொபைல் ஆப் பெரும்பாலும் திருக்கணிதம், குடும்ப ஜோதிடர் வாக்கியமாக இருக்கலாம். ஒன்றில் கட்டம் போட்டு, இன்னொன்றில் வக்கிரம் பார்த்துப் பலன் சொன்னால் அந்தப் பலன் செல்லாது. எந்தப் பஞ்சாங்கம் என்று கேளுங்கள். இத்தனை வருஷமாகியும் இந்த இரண்டு தரப்பும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அலைவது ஜாதகம் கொண்டு வருபவர்கள்தான்.

கல் வேண்டாம். எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்று ஜோதிடரே சொன்னால் கமிஷன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தில் ஒரு நல்ல வக்கீலிடம் தாய்ப்பத்திரத்தையும் 30 வருஷ வில்லங்கச் சான்றையும் காட்டுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். வில்லங்கம் வருவதென்றால் அங்கிருந்துதான் வரும்.

மனசு கேட்கவில்லையா? சரி, ஒரு புதன்கிழமை புதன் ஸ்தலமான திருவெண்காடு போய் வாருங்கள். அர்ச்சனைச் சீட்டைக் கோயில் கவுன்டரிலேயே வாங்குங்கள், வெளியே மடக்கும் புரோக்கரிடம் வேண்டாம்.