முடிச்சு அவிழ்ந்தது கயிற்றின் நீளத்தால்தான்

கேள்வி: எங்கள் பழைய வீட்டில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருக்கும் இரண்டு கண்ணாடிச் சட்டங்களை மேலும் கீழும் ஏற்றி இறக்கும் சாஷ் ஜன்னல்கள் இருக்கின்றன. கயிறு அறுந்துபோன ஒன்றைக் கழற்றி, புதுக் கயிறு மாட்டி, ஜன்னல் நிலையின் பக்கவாட்டுக் கூட்டுக்குள் சட்டத்தின் எடைக்கு ஈடாகத் தொங்கும் இரும்புக் குண்டில் நானே முடிச்சுப் போட்டேன். மூன்றே வாரத்தில் முடிச்சு அவிழ்ந்து குண்டு கூட்டுக்குள் விழுந்துவிட்டது. எந்த முடிச்சு போட்டால் அவிழாது? ஜன்னலைத் திறக்கும்போது உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ‘டொக்’, அதுதான் விஷயமே. ஜன்னலை முழுக்க ஏற்றும்போது குண்டு கீழே இறங்கிக் கூட்டின் அடியில் இடிக்கிறது. இடித்த நொடியில் கயிறு தளர்கிறது, இறக்கும்போது வெடுக்கென்று இறுகுகிறது. இப்படி ஒரு நாளைக்கு நாலு முறை நடந்தால் எந்த முடிச்சும் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்ந்துவிடும். எப்போதும் பாரம் தொங்கிக்கொண்டே இருக்கும் முடிச்சு அவ்வளவு லேசில் அவிழாது. அதனால் முடிச்சை மட்டும் மாற்றிப் பயனில்லை, கயிற்றின் நீளத்தையும் குறைத்தாக வேண்டும்.

சரி, முதலில் முடிச்சு. குண்டின் தலையை உற்றுப் பாருங்கள். பல வார்ப்பிரும்புக் குண்டுகளில் உச்சியில் ஒரு துளை இருக்கும், அது உள்ளே வளைந்து பக்கவாட்டில் ஒரு சின்னக் குழியில் வெளியே வரும். துரு அடைத்திருந்தால் கம்பியால் குத்திச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். கயிற்றை மேலிருந்து நுழைத்துப் பக்கத்தில் எடுத்து, நுனியில் ஓர் எட்டு முடிச்சு (8 என்ற எண்ணின் வடிவத்தில் வருவது) போட்டு, கயிற்றை மேலே இழுத்தால் முடிச்சு அந்தக் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். குண்டின் உடம்பைவிட்டு வெளியே துருத்தாது, பக்கத்துக் குண்டில் உரசாது. இந்தக் குழியை வார்த்தவரே முடிச்சுக்காகத்தான் விட்டிருக்கிறார் என்பது கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும்.

சில குண்டுகளில், முக்கியமாக ஈயக் குண்டுகளில், வெறும் வளையம்தான் இருக்கும். அதற்கு இரட்டை எட்டு. நுனியிலிருந்து ஒரு சாணுக்கு மேல் விட்டு, கயிற்றில் தளர்வாக ஓர் எட்டு முடிச்சு போட்டுக்கொள்ளுங்கள். நுனியை வளையத்தில் நுழைத்துத் திருப்பி, முதல் முடிச்சு போன வழியிலேயே அதை ஒட்டிப் பின்னோக்கிக் கொண்டுவாருங்கள், ஒரு வளைவைக்கூட விடாமல். இரண்டு இழைகளும் தண்டவாளம் மாதிரி ஒன்றையொன்று குறுக்கிடாமல் ஓடினால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கண்ணியைச் சின்னதாக வையுங்கள், பெரிதானால் ஜன்னல் மூடியிருக்கும்போது முடிச்சு, நிலையின் மேல்பக்கம் கயிறு ஓடும் கப்பியில் போய் முட்டும். மிச்ச நுனி நான்கு விரல் அகலமாவது இருக்கட்டும், அதைத் தாய்க் கயிற்றோடு சேர்த்து நூலால் சுற்றிக் கட்டிவிடுங்கள். நான் முதல் ஜன்னல் செய்தபோது அழகாக இருக்கட்டும் என்று நுனியை ஒட்ட நறுக்கிவிட்டேன், அது மறுநாளே உருவிக்கொண்டு வந்துவிட்டது.

நுனியில் இறுகாத கண்ணி போடும் போலைன் முடிச்சும் நல்லதுதான், பலரும் அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் பாரம் விட்டுவிட்டு வரும் இடத்தில் அது எட்டைவிடச் சீக்கிரம் தளரும்.

எந்த முடிச்சானாலும், கூட்டுக்குள் விடுவதற்கு முன்னால் குண்டை ஓர் இரவு தொங்கவிடுங்கள். புதுக் கயிறு நீளும், முடிச்சும் இறுகும். அப்புறம் அளந்தால்தான் அளவு நிற்கும்.

அளவு எடுப்பது இப்படி. கீழ்ச் சட்டத்துக்கு: அது மூடியிருக்கும்போது குண்டு மேலே இருக்கும். கயிற்றை இழுத்துக் குண்டைக் கப்பிவரை ஏற்றி, 5 செ.மீ. இறக்கி, கப்பியில் ஒரு மரச் சீவலைச் செருகிக் கயிறு நகராமல் நிறுத்திவிட்டு, மூடிய நிலையிலேயே கயிற்றைச் சட்டத்தின் பக்கவாட்டுக் காடியில் ஆணி அடித்துப் பொருத்துங்கள். மேல் சட்டத்துக்கு நேர் எதிர்: அது மூடியிருக்கும்போது குண்டு கீழே இருக்கும், ஆகவே கூட்டின் அடியிலிருந்து 5 செ.மீ. தூக்கி நிறுத்தி, அதே மாதிரி பொருத்த வேண்டும். காடியில் ஆணியை உச்சிவரை அடிக்காதீர்கள். சட்டம் முழுக்க மேலே போன நிலையில், மேலே உள்ள கடைசி ஆணிகூடக் கப்பியின் மையத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டம் முழுக்க ஏறாது, கயிறும் அந்த இடத்திலேயே மடிந்து மடிந்து அறும்.

எல்லாம் முடிந்ததும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ‘டொக்’ சத்தம் வரக் கூடாது. வந்தால் அன்றைக்கே கழற்றிக் குறையுங்கள், பழகிவிடும் என்று விடாதீர்கள்.

கேள்வி: உடைந்த கண்ணாடிக்குப் பதில் கொஞ்சம் கனமான கண்ணாடி போட்டோம். இப்போது கீழ்ச் சட்டம் ஏற்றிய இடத்தில் நிற்காமல் இறங்கிவிடுகிறது. கயிறும் முடிச்சும் நன்றாகத்தான் இருக்கின்றன.

பதில்: கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும், 2.5 கிலோ எடை. அரைச் சதுர மீட்டர் கண்ணாடியை 3 மி.மீ.யிலிருந்து 4 மி.மீ. ஆக்கியிருந்தால் சட்டம் 1.25 கிலோ கூடிவிட்டது, குண்டுகளோ பழைய எடையிலேயே தொங்குகின்றன. சட்டத்தைக் கழற்றி எடை பாருங்கள், அதில் பாதிதான் ஒரு குண்டின் எடை. கீழ்ச் சட்டத்துக்குக் குண்டுகள் சற்றே குறைவாக இருந்தால் மூடினால் மூடியபடி நிற்கும், மேல் சட்டத்துக்குச் சற்றே அதிகம் வேண்டும். கூட்டில் நீளமான இரும்புக் குண்டுக்கு இடமில்லை என்றால் ஈயம், அதே பருமனில் இரும்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். ஈயத்தைக் கையுறை போட்டுத் தொடுங்கள், வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். பழைய பெயின்டிலும் ஈயம் இருக்கலாம், உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம்.

கேள்வி: நைலான் கயிறு போடலாமா? அறுந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: நைலான் வேண்டாம், பாரத்தில் நீண்டுகொண்டே போகும். பின்னிய பருத்திக் கயிறு, இந்த ஜன்னலுக்கென்றே விற்பது, கப்பியின் பள்ளத்தில் சுலபமாக ஓடும் தடிமனில் வாங்குங்கள். ஒரு சட்டத்துக்கு இரண்டாக ஒரு ஜன்னலில் நான்கு கயிறுகள், ஒன்று அறுந்தால் மற்ற மூன்றும் அதே வயதுதான், நான்கையும் மாற்றிவிடுங்கள். அப்புறம், பெயின்ட் அடிக்கும்போது கயிற்றில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பெயின்ட் காய்ந்த கயிறு விறைத்துக் கப்பியில் வளைய மறுக்கும்.