ஜெனிவாவில் இரண்டு நிமிடம்

கேள்வி: நம் வீட்டுப் பிரச்சினையை நாமே பேசித் தீர்த்துக்கொள்ளாமல், வெளிநாட்டுப் பணத்தில் ஜெனிவாவுக்குப் பறந்துபோய் இந்தியாவைப் பற்றிக் கோள் சொல்லும் தொண்டு நிறுவனங்களை அரசு ஏன் விட்டுவைத்திருக்கிறது? இரண்டு நிமிடம் பேசிவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதைத் தவிர அங்கே இவர்கள் சாதித்தது என்ன?
(வாசகர், கோவில்பட்டி)

பதில்: போட்டோ விஷயத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஜெனிவா ஐ.நா. வளாகத்துக்கு எதிரே ஒரு பெரிய மர நாற்காலி நிற்கிறது. ஒரு கால் முறிந்தது. கண்ணிவெடியில் கால் இழந்தவர்களுக்காக வைத்த சிற்பம். அதன் அடியில் நின்று படம் எடுக்காமல் ஊர் திரும்பியவர்கள் குறைவுதான். சிலருக்கு அந்தப் படத்தோடு வேலை முடிந்தும் விடுகிறது.

ஆனால், ‘கோள் சொல்ல’ என்கிறீர்களே, அங்கேதான் இடறுகிறது. கோள் சொல்வது என்றால் ஒருவர் இல்லாத இடத்தில் சொல்வது. இங்கே இந்திய அரசு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் யாரோ கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்ததல்ல. ஐ.நா. மனித உரிமை கவுன்சில் 2006-ல் உருவானபோதே, எல்லா நாடுகளும் முறைவைத்துத் தங்கள் மனித உரிமைக் கணக்கை மற்ற நாடுகள் முன் காட்ட வேண்டும் என்று முடிவானது. யுபிஆர் என்கிறார்கள், உலகளாவிய காலமுறை மீளாய்வு. 2008 ஏப்ரலில் நடந்த முதல் கூட்டத்திலேயே இந்தியாவின் முறை வந்தது. பிறகு 2012, 2017, 2022. நான்கு தடவையும் இந்தியா போய் உட்கார்ந்தது. 2017-ல் அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி, 2022-ல் சொலிசிட்டர் ஜெனரல் துஷார் மேத்தா தலைமையில்.

இரண்டு நிமிடக் கதைக்கு வருவோம். நீங்கள் நினைப்பதைவிட நிலைமை மோசம். மீளாய்வு நடக்கும் மூன்றரை மணி நேரமும் தொண்டு நிறுவனங்களுக்கு வாயே கிடையாது. நாடுகள்தான் பேசும். நம்மூர் கிராம சபையில்கூட பின்வரிசையில் இருக்கும் ஒருவர் எழுந்து ‘தண்ணி ஏன் வரலை?’ என்று கேட்டுவிடலாம். ஜெனிவாவில் முடியாது. சில மாதம் கழித்து இறுதி அறிக்கையை ஏற்கும் கூட்டத்தில்தான் எல்லா அமைப்புகளுக்கும் சேர்த்து இருபது நிமிடம் ஒதுக்குகிறார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம், மொத்தம் பத்துப் பேர். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு, சாம்பாரில் உப்பு இருந்ததா என்று கேட்பது போல.

அப்படியானால் வேலை எங்கே நடக்கிறது? எழுத்தில். ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்று ஆவணங்கள் மேசைக்கு வரும். அரசின் அறிக்கை ஒன்று, ஐ.நா. அமைப்புகள் ஏற்கெனவே சொன்னவற்றின் தொகுப்பு ஒன்று, தொண்டு நிறுவனங்களும் மற்றவர்களும் அனுப்பியதன் சுருக்கம் ஒன்று. தனி அமைப்பு என்றால் 2,815 வார்த்தைக்கு மேல் எழுதக்கூடாது. கூட்டாக அனுப்பினால் 5,630. அப்புறம் அதைத் தூக்கிக்கொண்டு டெல்லியில் தூதரகம் தூதரகமாக ஏறி இறங்க வேண்டும். ஏனென்றால் 2022-ல் இந்தியாவைக் கேள்வி கேட்டவை 130 நாடுகள். அவற்றுக்கு இருந்த நேரம் 140 நிமிடம். தலைக்கு ஒரு நிமிடம் சொச்சம். அந்த ஒரு நிமிடத்தில் ஒரு மெக்சிகோ அதிகாரியோ ஸ்வீடன் அதிகாரியோ எதைக் கேட்பார்? அவருக்குக் கோவில்பட்டி தெரியுமா? யாரோ ஒருவர் அவர் மேசையில் ஒரு தாளை வைத்து, ‘இந்த ஒரு வரியைக் கேளுங்கள்’ என்று சொல்லியிருக்க வேண்டும்.

என்ன சாதித்தார்கள் என்பதற்கு ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்துப் போட்டது. போட்டதோடு சரி, இன்றுவரை சட்டப்படி உறுதி செய்யவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்து முகூர்த்த நாள் குறிக்காமல் கால் நூற்றாண்டுக்கு மேல் இழுத்தடிக்கும் மாப்பிள்ளை வீடு போல. நான்கு சுற்றிலும் நாடுகள் இதைக் கேட்டன. கேட்க வைத்தவர்கள் நீங்கள் திட்டுகிற ஆட்கள். இடையில் 2010-ல் ஒரு சித்திரவதைத் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவை அதைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பியது. 2014-ல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. 2017 மே மாதம் ஜெனிவாவில் ரோத்தகி எழுந்து, சித்திரவதை நம் பண்பாட்டுக்கே அந்நியமானது என்றார். உடன்படிக்கையை உறுதி செய்வதில் இந்தியா உறுதியாக இருக்கிறது என்றும் சொன்னார். அதே ஆண்டு அக்டோபரில் சட்ட ஆணையம் தன் 273-வது அறிக்கையில், உறுதி செய்யுங்கள் என்று சொல்லி ஒரு மாதிரி மசோதாவையும் எழுதியே கொடுத்தது. அதுவும் அலமாரிக்குப் போனது.

மூன்று வருடம் கழித்து 2020 ஜூனில், உங்கள் ஊர் கிளைச் சிறைக்குத்தான், சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடித்துச் சித்திரவதை செய்த ஜெயராஜையும் பென்னிக்ஸையும் கொண்டுவந்து அடைத்தார்கள். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில்தான் அடுத்தடுத்து அப்பாவும் மகனும் இறந்தார்கள். பண்பாட்டுக்கு அந்நியமானது உயிர்ப்பலியில் முடிந்த இடத்திலிருந்து இந்தக் கேள்வி வந்திருக்கிறது என்பதால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த மரணங்களை ஜெனிவா தடுத்ததா? இல்லை. ஆனால் காவலில் சித்திரவதைக்கென்று தனிச் சட்டம் ஏன் இல்லை என்று இன்று ஒரு வழக்கறிஞரோ, நாடாளுமன்ற உறுப்பினரோ கேட்கும்போது, ‘செய்கிறோம் என்று நீங்களே உலகத்தின் முன் சொன்னீர்களே’ என்று எடுத்துப் போட ஒரு பதிவு இருக்கிறது. அரசு டெல்லியில் தராத வாக்கை ஜெனிவாவில் வாங்கியதுதான் இவர்கள் செய்த வேலை. வாக்கு வாங்குவதும் வசூலிப்பதும் வேறு வேறு என்பது வட்டிக்கு விட்டவர்களுக்குத் தெரியும். வசூல் இங்கேதான் நடக்க வேண்டும். அதில் நமக்கும் பங்கு உண்டு.

குறைகள் இல்லாமல் இல்லை. 2008-ல் மற்ற நாடுகளிடமிருந்து இந்தியாவுக்கு வந்த பரிந்துரைகள் வெறும் 18. 2012-ல் 169, 2017-ல் 250, 2022-ல் 339. எண்ணிக்கை ஏறுகிறதே தவிர, பல உப்புச் சப்பில்லாதவை. நட்பு நாடுகள் எழுந்து, ‘வறுமை ஒழிப்பு முயற்சிகளைத் தொடர்க’ என்று பாராட்டையே பரிந்துரையாகப் படித்துவிட்டு உட்காரும். அதை அரசு மகிழ்ச்சியோடு ஏற்கும். கூர்மையாகக் கேட்டால் ‘கவனத்தில் கொள்கிறோம்’ என்று பதில் வரும். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தவர்களுக்கு இந்தப் பதிலை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

‘ஏன் விட்டுவைத்திருக்கிறது?’ என்கிறீர்கள். எங்கே விட்டுவைத்தது? வெளிநாட்டுப் பணம் ஒன்றும் சாக்குமூட்டையில் வருவதில்லை. எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் உள்துறை அமைச்சகத்தின் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கு வழியாகத்தான் வர முடியும். மதுரையில் உள்ள மனித உரிமை அமைப்பான மக்கள் கண்காணிப்பகத்துக்கு அந்தப் பதிவை 2016-ல் புதுப்பிக்க மறுத்தார்கள். சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலைப்பின்னல் என்றோர் அமைப்பு டென்மார்க்கிலிருந்து இயங்குகிறது. ஐ.நா. அரங்கில் பேச ஆலோசனை அந்தஸ்து வேண்டுமென்று 2008-ல் விண்ணப்பித்தது. விண்ணப்பத்தைப் பார்க்கும் குழுவில் 19 நாடுகள், அதில் இந்தியாவும் ஒன்று. ஒரு கேள்வி கேட்டால் போதும், விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். பதில் அனுப்பினால் அடுத்த கேள்வி. இப்படி இந்தியா கேட்டவை நூறைத் தாண்டின. பதினான்கு வருடம் கழித்து, 2022 டிசம்பரில் அந்தக் குழுவுக்கு மேலே உள்ள ஐ.நா. பொருளாதார, சமூக கவுன்சிலில் வாக்கெடுப்பு நடத்தித்தான் அந்தஸ்து கிடைத்தது. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அலைந்தவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம்.

ஒன்றும் ஆகாத இடம் என்றால் அரசுகள் இப்படிப் பயப்படுவானேன்? 2016 செப்டம்பர் 14 அன்று காஷ்மீர் மனித உரிமைச் செயற்பாட்டாளர் குர்ரம் பர்வேஸ், ஜெனிவா போகும் வழியில் டெல்லி விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டார். அதற்குச் சரியாக மூன்று வருடம் முன்பு, அதே செப்டம்பர் 14-ல் பெய்ஜிங் விமான நிலையத்தில் சாவ் ஷுன்லி என்ற பெண் பிடிக்கப்பட்டார். அவரும் ஜெனிவாவுக்குத்தான் கிளம்பியிருந்தார். நாட்டின் அறிக்கையை எழுதும்போது குடிமக்களையும் கேளுங்கள் என்று சீன வெளியுறவு அமைச்சக வாசலில் உட்கார்ந்து போராடியவர். காவலில் சரியான சிகிச்சை இல்லாமல் 2014 மார்ச்சில் இறந்தார். அவர் இறந்த சில நாளில் சீனாவின் அறிக்கையை ஏற்கும் கூட்டம். ஒரு அமைப்பின் பிரதிநிதி தன் நேரத்தில் பேசாமல், அவருக்காக மௌனமாக நிற்போம் என்றார். சீனா ஆட்சேபித்தது. ஒரு நிமிட மௌனத்தை அனுமதிக்கலாமா என்று ஒரு மணி நேரத்துக்கும் மேல் வாதாடினார்கள். அனுமதி கிடைக்கவில்லை. நீங்கள் கேலி செய்யும் இரண்டு நிமிடத்தில், பேசாமல் நிற்பதற்குக்கூட அங்கே இவ்வளவு எதிர்ப்பு.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடம் கருதிச் சுருக்கித்தான் மேலே வெளியிட்டிருக்கிறோம். ஐ.நா.வுக்கு அறிக்கை அனுப்ப ஆலோசனை அந்தஸ்தும் வேண்டாம், விமான டிக்கெட்டும் வேண்டாம், எழுதினால் போதும். தமிழில் அனுப்ப முடியாது என்பதுதான் சிக்கல். சாத்தான்குளம் பற்றி நான்கு பக்கம் எழுதிக் கொடுங்கள், ஆங்கிலத்தில் மாற்ற எங்கள் அலுவலகத்தில் ஆள் இருக்கிறது.