மாடியில் புது நூலகமா, பக்கத்தில் இருப்பதா?

கேள்வி: நாங்கள் பெருங்களத்தூர் பக்கம் 180 வீடுகள் உள்ள ஒரு நகரில் இருக்கிறோம். கல்யாணமோ காரியமோ, எல்லோரும் கூடிவிடுவோம். பிள்ளைகள் மட்டும் விடிந்ததும் ஏழெட்டு வேன்களில் ஆளுக்கொரு திசையாகப் போய்விடுகிறார்கள். தெருமுனையில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, பத்து நிமிட நடையில் ஒரு கிளை நூலகம். நூலகத்தில் பெரியவர்கள் பேப்பர் படிப்பதோடு சரி. பள்ளியில் புத்தகங்கள் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. அதனால் நலச்சங்கக் கட்டட மாடியில் நாங்களே நூலகம் தொடங்க, வீட்டுக்கு 2,000 ரூபாய் வசூலிக்கவும் பழைய புத்தகங்கள் திரட்டவும் முடிவு செய்திருக்கிறோம். இது சரிதானா? இன்னொன்று, ஐந்தாம் வகுப்பு முடிக்கும் என் மகளை அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்கலாமா? வீட்டில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.
– ஒரு வாசகி

பதில்: வசூலைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் சகோதரி. நூலகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

சொத்து வரியோடு நூலக வரி என்று ஒன்று சேர்த்து வாங்கப்படுகிறது, ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம். இதற்கு வழி செய்தது 1948-இல் வந்த பொது நூலகச் சட்டம். அதன் பின்னால் நின்று உழைத்தவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். உங்கள் நகரில் ஒரு வீட்டுக்கு அரையாண்டு வரி சராசரியாக 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நூலகப் பங்கு 150 ரூபாய். வருடத்துக்கு 300. 180 வீட்டுக்கு 54,000 ரூபாய். ஒவ்வொரு வருடமும். உள்ளாட்சி அமைப்பு இதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்க வேண்டும். பல ஊர்களில் தகராறே இந்த இடத்தில்தான்: வரி வசூலாகிவிடும், பங்கு போய்ச் சேராமல் நிலுவையில் நிற்கும். உங்கள் மாநகராட்சி கடந்த மூன்று ஆண்டுகளில் எவ்வளவு வசூலித்தது, எவ்வளவு செலுத்தியது, பாக்கி எவ்வளவு என்ற மூன்றே கேள்விகளை, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். “நூலகம் ஏன் மோசமாக இருக்கிறது?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். “ஏன்” என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் வாங்குவது கடினம். எண்ணைக் கேளுங்கள், ஆவண நகலைக் கேளுங்கள்.

மாடி நூலகத்துக்கு வருவோம். சங்கம் நடத்தும் நூலகங்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் படுத்துவிடுகின்றன. புத்தகம் இருக்கும், திறக்க ஆள் இருக்காது. ஆர்வமுள்ள ஒருவர் சாவியை வைத்திருப்பார். அவர் வீடு மாறினாலோ, பிள்ளைக்குப் பொதுத்தேர்வு வந்தாலோ அறை பூட்டிவிடும். மாடிப்படி ஏற முடியாத பெரியவர்கள் முதல் நாளே கழன்றுகொள்வார்கள். பாரம் இன்னொரு பிரச்சினை. மூன்றடி அகலத்தில் ஐந்து தட்டு உள்ள ஒரே ஒரு ரேக்கில் நிறையப் புத்தகம் அடுக்கினால் 120 முதல் 150 கிலோ வரை வரும். பத்து ரேக்கை ஒரே சுவரோரம் வரிசையாக வைப்பதாக இருந்தால், முதலில் பொறியாளர் ஒருவரைக் கேட்க வேண்டும். சம்பளத்துக்கு ஒரு நூலகர், மின்சாரம், பருவ இதழ்கள் எல்லாம் கிளை நூலகத்தில் இருக்கும்போது அதையே மறுபடி மாடியில் உருவாக்கப் பார்ப்பது வீண்செலவு.

கிளை நூலகத்தில் உங்கள் முதல் வேலை கையெழுத்துப் போடுவது. வாசலில் வருகைப் பதிவேடு ஒன்று இருக்கும். பேப்பர் படிக்க வருபவர்களில் பாதிப்பேர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போவார்கள். நாளைக்கு எழுபது பேர் வரும் நூலகத்தில் ஏட்டில் இருபத்தைந்து பெயர்தான் இருக்கும். கூடுதல் நேரம் வேண்டும், கூடுதல் இதழ் வேண்டும், தரம் உயர்த்த வேண்டும் என்று எது கேட்டுப் போனாலும் மாவட்ட நூலக அலுவலர் முன்னால் இருப்பது அந்த இருபத்தைந்துதான். வருகிறவர்களுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லி ஆறு மாதம் தவறாமல் கையெழுத்துப் போட வையுங்கள்.

அடுத்தது உறுப்பினர் சேர்க்கை. காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் ஒரு குடும்பம் டீக்கடையில் செலவழிப்பதைவிடக் குறைவு. முகவரிச் சான்றோடு போனால் போதும். 180 வீட்டில் வீட்டுக்கு ஒருவர் சேர்ந்தாலே அந்தக் கிளையின் கணக்கு மாறிவிடும். 1,000 ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர் ஆகலாம். பெயரைப் பலகையில் எழுதுவார்கள். வீட்டுக்கு 2,000 என்று தொடங்க இருந்தவர்களில் இருபது பேர் இப்படிப் புரவலராக வந்தாலே நல்ல தொடக்கம். பிறகு வாசகர் வட்டம். அநேகமாக எல்லா நூலகத்திலும் பெயரளவில் ஒன்று இருக்கும், வருடத்துக்கு ஒருமுறை நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரத்தில் மட்டும் விழித்துக்கொள்ளும். உங்கள் சங்கத்திலிருந்து நாலு பேர், அதில் இரண்டு பேராவது பெண்கள், அதில் சேர்ந்து மாதம் ஒரு கூட்டம் நடத்துங்கள். நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியை ஞாயிறு காலையில் வைப்பது வசதி.

நூலகரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். பதிவேட்டில் ஏறிய ஒவ்வொரு புத்தகத்துக்கும் அவர் பொறுப்பு. இருப்புச் சரிபார்ப்பில் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பல சமயம் பணமும் அவர் கையிலிருந்துதான் போகும். பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்க அவர் தயங்கினால் அதைக் கெட்ட மனது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பள்ளி பீரோ பூட்டியிருப்பதற்கும் காரணம் இதுவே. தலைமை ஆசிரியர் மாற்றலாகும்போது எண்ணி ஒப்படைக்க வேண்டும். பூட்டிய புத்தகம் தொலையாது, கிழியாது. அவருக்கு அது பாதுகாப்பு.

இந்தப் பூட்டைத் திறக்கச் சாவி பள்ளி மேலாண்மைக் குழுவிடம் இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளில் இருக்க வேண்டிய குழு இது. முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2024-இல் மாற்றியமைத்தபோது 24 உறுப்பினர்கள் என்றாகி, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது. உங்கள் பிள்ளைகள் அங்கே படிக்காதவரை நீங்கள் பெற்றோர் உறுப்பினராக முடியாது. ஆனால் உங்கள் நகரில் அதே பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள் கட்டாயம் இருப்பார்கள், தேடுங்கள். வார்டு உறுப்பினரும் குழுவில் உண்டு. கூட்டத்தில் வர வேண்டிய தீர்மானம் இப்படி இருக்கட்டும்: “வகுப்பு நூலகப் புத்தகங்களை மாணவர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். பயன்பாட்டில் கிழிவதும் தொலைவதும் இயல்பு என்று குழு ஏற்கிறது. தொலைந்த புத்தகத்துக்கு ஈடாக அதே புத்தகத்தையோ அதே விலையுள்ள வேறொன்றையோ குடியிருப்போர் நலச்சங்கம் வாங்கித் தரும்.” தீர்மானப் புத்தகத்தில் இது ஏறி, கையெழுத்தும் ஆகிவிட்டால் தலைமை ஆசிரியருக்குத் தெம்பு வரும். ஆசிரியர் இல்லாத நேரத்தில் உள்ளே போய் பீரோவைத் திறக்கச் சொல்லிக் கேட்பது, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது இரண்டும் வேண்டாம். ஒரே நாளில் கதவு சாத்தப்பட்டுவிடும்.

நீங்கள் தரும் புத்தகங்களைப் பள்ளிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லாதீர்கள் என்பது என் யோசனை. ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, அதில் 40 புத்தகம், மேலே சங்கத்தின் பெயர். வகுப்புக்கு ஒரு பெட்டி இரவல். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வகுப்புகளுக்கிடையே மாற்றுங்கள். சொத்து சங்கத்துடையது என்பதால் ஆசிரியருக்குக் கணக்குத் தொல்லை இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, பெயர், புத்தக எண், திரும்பிய தேதி என நாலு கட்டம் போட்டு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் கொடுத்துவிடுங்கள். பெரியவர்களைவிடக் கறாராக வசூலிப்பார்கள்.

பழைய புத்தகம் திரட்டுவதில்தான் எனக்குப் பயம். திறந்த அழைப்பு விட்டால் வருவது பழைய பாடத்திட்ட நோட்ஸ், நுழைவுத்தேர்வு கைடு, யாரும் தூக்க முடியாத ஆங்கிலக் கலைக்களஞ்சியம், யாரோ தந்த ஜோதிட மலர். ஆயிரம் வந்தால் பிள்ளை கையில் கொடுக்கத் தகுந்தது நூறு தேறுவது கடினம். மீதியைத் தரம் பிரிக்க உங்களுக்கு ஒரு மாதம் போகும். அறிவிப்பிலேயே “ஐந்து வயது முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கான கதை, அறிவியல், பாடல் புத்தகங்கள் மட்டும். எழுத்து பெரிதாக, படங்களோடு இருக்க வேண்டும்” என்று எழுதிவிடுங்கள். மீதிக்குப் பணமாகவே கேளுங்கள். நேஷனல் புக் டிரஸ்ட், துலிகா போன்ற பதிப்பகங்களின் சிறுவர் புத்தகங்களை நேரில் புரட்டிப் பார்த்து வாங்கலாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கும், அச்செடுத்தும் பயன்படுத்தலாம். பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துக்காக வெளியிட்ட ‘நுழை, நட, ஓடு, பற’ என்ற நாலு நிலைப் புத்தகங்கள் அந்தப் பள்ளிக்கும் வந்திருக்கும், விசாரியுங்கள். அதே துறையின் தேன்சிட்டு, ஊஞ்சல் சிறார் இதழ்களும் அப்படியே. ஆறாம் வகுப்பில் இருந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு ‘நுழை’ புத்தகத்தைக் கொடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் வகுப்பின் முன்னால் வைத்துக் கொடுக்காதீர்கள்.

புத்தகங்களை முதுகு தெரிய அடுக்கினால் சின்னப் பிள்ளை எடுக்காது. முன்னட்டை தெரிய வேண்டும். சுவரில் மூன்றடி உயரத்தில் நைலான் கயிறு கட்டி, துணிக்கிளிப்பில் மாட்டினாலே போதும். செலவு சில நூறு ரூபாய். கிழிந்ததை செல்லோடேப் கொண்டு ஒட்டாதீர்கள். அது ஒரு கோடையில் மஞ்சளாகி, பசை கசிந்து பக்கத்துப் பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, மெல்லிய தாள் துண்டை வைத்து ஒட்டி, ஒரு ராத்திரி கனமான பொருளின் அடியில் வையுங்கள். நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகங்களில் சென்னைக் காற்றில் அந்தப் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். பின்னைப் பிடுங்கிவிட்டு, மடிப்பில் மூன்று துளையிட்டு, தடித்த நூலால் தைத்து உள்பக்கம் முடிச்சுப் போடுங்கள். அரை மணி நேரத்தில் ஆறு புத்தகம் தைத்துவிடலாம். உங்கள் நகரில் ஓய்வு பெற்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது.

வாசித்துக் காட்ட ஆள் வருகிறோம் என்று பள்ளியில் கேட்கும்போது வாரம் ஒரு நாள், ஒரு வகுப்பு, இருபது நிமிடம் என்று சின்னதாகக் கேளுங்கள். வகுப்பாசிரியர் உடன் இருக்கும்போது மட்டும். ஒரு பிள்ளையைத் தனியே அழைத்துப் போய்ப் படிக்க வைப்பது யாராக இருந்தாலும் கூடாது. சொன்ன வாரம் வராமல் போவதுதான் பெரிய கெடுதல். ஆளுக்கு ஒரு மாற்று ஆள் இல்லாமல் தொடங்காதீர்கள்.

இனி உங்கள் மகள். ஆறாம் வகுப்பு முக்கியமான திருப்பம் என்பதைக் குடும்பத்தில் எடுத்துச் சொல்லுங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடும், கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததைத்தான் முக்கியமாகக் கணக்கில் எடுக்கின்றன (புதுமைப்பெண்ணில் அரசு உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழிக்கும் இடமுண்டு). ஏழாம் வகுப்பில் மாறினால் பொதுவாக இந்த வாசல் சாத்திவிடும். இதற்காக மட்டும் பள்ளியை மாற்றச் சொல்லவில்லை, தெரிந்து முடிவெடுங்கள்.

பள்ளிக்கு நேரில் போய்க் கேட்க வேண்டியவை: ஆறு முதல் எட்டு வரை கணக்கு-அறிவியலுக்கும், சமூக அறிவியலுக்கும், மொழிக்கும் தனித்தனி ஆசிரியர் இருக்கிறார்களா, இல்லை ஒரு பணியிடம் காலியா? காலியாக இருந்தால் எத்தனை மாதமாக? ஆங்கில வழிப் பிரிவு உண்டா? பெண் பிள்ளைகளுக்கான கழிவறையில் தண்ணீர் வருகிறதா? இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள், மத்தியான இடைவேளையில் போய்ப் பாருங்கள். எட்டு முடித்தபின் ஒன்பதாம் வகுப்புக்குப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள், நடந்தா பஸ்ஸிலா? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால், ஆறாம் வகுப்பிலேயே பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியைப் பார்ப்பது நல்லது. பன்னிரண்டு வரை ஒரே இடத்தில் இருக்கலாம்.

மாற்றுச் சான்றிதழ் தர இப்போதைய பள்ளி இழுத்தடித்தால் பயப்படாதீர்கள். எட்டாம் வகுப்பு வரை, அந்தத் தாமதத்தைக் காரணம் காட்டி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் மகளின் பெயரைப் பழைய பள்ளி விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் பட்டியலுக்கு எடுக்க முடியும். சான்றிதழ் வாங்கும் நாளிலேயே அலுவலகத்தில் நின்று, திரையில் பெயர் விடுவிக்கப்பட்டதைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஜூன் மாதத்துப் பாதி அலைச்சல் இதில்தான் போகிறது.