அகதிகள் மத்தியில் மிஷன் ஊழியம் செய்பவர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? விசுவாசம் தளர்ந்துபோகாதா?

கேள்வி கேட்டவர் ஒரு மிஷன் குழுவோடு அகதி முகாமுக்குப் போகவிருக்கிறார். அங்கே நாள் முழுக்க ஜெபமும் பிரசங்கமும்தானா, வேறு வேலை இருக்குமா, இவ்வளவு துயரத்தை நேரில் பார்த்தால் விசுவாசம் ஆட்டம் காணாதா என்று கேட்டிருக்கிறார். சில வருடங்கள் அந்த வேலையில் இருந்தவள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிரசங்கம் மிகக் குறைவு. தண்ணீர், வரிசை, படிவம், இந்த மூன்றிலேயே பெரும்பாலான நாட்கள் போய்விடும்.

காலையில் குழுவாகக் கூடி ஒரு சங்கீதம் வாசிப்போம், சுருக்கமாக ஜெபிப்போம். அப்புறம் நேராகத் தண்ணீர்க் குழாய்க்கு. நிவாரணப் பணிகளில் பின்பற்றப்படும் ஸ்பியர் தரநிலைப்படி ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் கிடைக்க வேண்டும். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதற்குள்தான். ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அரை மணி நேரத்துக்கு மேல் யாரும் காத்திருக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. ஒரு குழாய் பழுதானால் போதும், இந்தக் கணக்கெல்லாம் கலைந்துவிடும். விடிவதற்கு முன்பே காலி கேன்கள் ஆட்களுக்குப் பதிலாக வரிசையில் நிற்கும். யாருடைய கேன் எங்கே இருந்தது என்பதில்தான் சண்டை தொடங்கும். நாம் செய்யக்கூடியது, வயதானவர்களின் கேனைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பது, பழுதைப் பொறுப்பானவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது, கோபத்தில் இருப்பவர் பக்கத்தில் கோபப்படாமல் நிற்பது. கடைசியாகச் சொன்னதற்கு உண்மையிலேயே ஜெபம் தேவைப்படும்.

மதியத்துக்கு மேல் காகித வேலை. வெளியிலிருந்து பார்த்தால் உப்புச் சப்பில்லாத வேலையாகத் தெரியும். என் மனதில் ஆழமாகத் தங்கியது அதுதான். பிறப்புச் சான்றிதழ் எதுவும் இல்லாமல் ஓடி வந்தவர்களுக்குப் பல நாடுகளில் ஜனவரி 1 என்றே பிறந்த தேதி பதிவாகிறது. ஒரு தகப்பன் தன் ஒவ்வொரு பிள்ளையும் பிறந்த நேரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒருத்தி மழை விடாமல் கொட்டிய இரவில் பிறந்தவள். அடுத்தவன் பிறந்தபோது அறுவடை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கடைசிப் பையன் வரும் வழியில் பிறந்தவன். படிவத்தில் மழைக்கும் அறுவடைக்கும் கட்டம் இல்லை. எல்லாருக்கும் ஜனவரி 1 என்று எழுதி முடித்ததும், மூத்த பெண் எட்டிப் பார்த்து, "இனிமேல் எங்களுக்கெல்லாம் ஒரே நாளில்தான் பிறந்தநாளா?" என்று கேட்டாள். தகப்பன் பேசாமல் அவள் தலையில் கை வைத்தார். அன்று இரவு அந்தப் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபித்தேன். அதன் பிறகு என் தனி ஜெபம் பெரும்பாலும் அப்படித்தான், பெயர்களாகவே இருக்கும்.

சரி, நற்செய்தி சொல்வதில்லையா என்று சபையில் கேட்பார்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. உதவியைக் காட்டி யாரையும் மதம் மாற அழைக்கக் கூடாது. செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994இல் வகுத்த நடத்தை விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: உதவி தேவையைப் பார்த்து மட்டுமே தரப்பட வேண்டும், ஒரு மதக் கொள்கையை முன்னெடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. அந்த விதிகளை உருவாக்கியவர்களில் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான கரித்தாஸ், லூத்தரன் உலகக் கூட்டமைப்பு, உலகத் திருச்சபைகள் மன்றம் ஆகியவையும் இருந்தன. ஆகவே இதை வெளியிலிருந்து நம் மேல் சுமத்திய கட்டுப்பாடாகப் பார்க்காதீர்கள். பசித்திருப்பவரால் நம்மிடம் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. அந்த நிலையில் அவர் சொல்லும் "ஆமென்" எனக்கு வேண்டாம்.

யாராவது "நீ ஏன் இங்கே வந்தாய்?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்வேன். ஜெபிக்கச் சொன்னால் ஜெபிப்பேன். பொருள் வழங்கும் வரிசையிலிருந்து ஒருவர் தொழுகைக்குப் போனால், திரும்பி வரும்வரை அவர் இடத்தைப் பார்த்துக்கொள்வேன். "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்று மத்தேயு 25இல் ஆண்டவர் சொன்னபோது அந்த அந்நியன் எந்த மதம் என்று சொல்லவில்லை. ஏரோதுக்குத் தப்பி எகிப்துக்குப் போன குடும்பத்தின் கதையும் அதே சுவிசேஷத்தில்தான் இருக்கிறது.

இனி விசுவாசத்தைப் பற்றி. என்னை அதிகம் அசைத்தது பார்த்த காயங்கள் இல்லை, காத்திருப்பு. சொந்த நாடும் தஞ்சம் தந்த நாடும் அல்லாத மூன்றாவது நாடு ஒன்றில் மறுகுடியேற வாய்ப்பு கிடைப்பது, உலக அளவில் ஒரு வருடத்தில் அகதிகளில் 1 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்குத்தான். ஆனாலும் "எங்கள் பேர் வந்துவிட்டதா?" என்று வாரா வாரம் வந்து கேட்பார்கள். பிள்ளையாக வந்தவர்கள் அங்கேயே வளர்ந்து கல்யாணமும் செய்துகொள்கிறார்கள். அவர்களிடம் போய் "கர்த்தர் சீக்கிரமே வாசலைத் திறப்பார்" என்று சொல்லாதீர்கள். வேதத்தில் அதைவிட நேர்மையான வார்த்தைகள் இருக்கின்றன. 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்றுதான் ஆரம்பிக்கிறது. அதை அவர்களோடு சேர்ந்து வாசித்தபோது என் விசுவாசம் குறையவில்லை, ஆனால் மாறியது. பதில் வாங்குவதற்காக ஜெபிப்பதைவிட, பதில் வராத இடத்தில் விட்டுப் போகாமல் இருப்பதற்காக ஜெபிக்கப் பழகினேன்.

வியட்நாமிலிருந்து படகுகளில் தப்பியவர்களின் துயரத்தைக் கண்டு, இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் தலைவர் பேத்ரோ அருப்பே 1980இல் இயேசு சபை அகதிகள் பணியைத் தொடங்கினார். அந்த அமைப்பு தன் பணியைச் சொல்லும்போது உடனிருப்பதை முதலில் வைக்கிறது. சேவை செய்வதும், அவர்களுக்காகப் பேசுவதும் அதற்கு அடுத்துதான். அந்த வரிசை சரியென்று எனக்கு முகாமில்தான் புரிந்தது.

இன்னொன்று, நீங்கள்தான் விசுவாசத்தைக் கொண்டுபோகிறீர்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். பல முகாம்களில் அகதிகளே நடத்தும் சபைகள் உண்டு. தார்ப்பாய்க்குக் கீழே, தரையில் உட்கார்ந்து ஆராதிப்பார்கள். நான் போய்வந்த சபையில், ஆராதனை முடிந்ததும் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் ரேஷனிலிருந்து ஒரு கை அள்ளி ஒரே பையில் போடுவார்கள். அந்த வாரம் புதிதாக வந்த குடும்பத்துக்கு அந்தப் பை போகும். ரேஷன் அளவு குறைக்கப்பட்ட மாதத்திலும் பை வந்தது, கொஞ்சம் சின்னதாக. நான் சோர்ந்திருந்த நாட்களில் என்னைத் தாங்கியது அவர்களுடைய விசுவாசம்தான்.

ஓய்வு நாளை விட்டுவிடாதீர்கள். சூரைச்செடியின் கீழே "போதும், கர்த்தாவே" என்று படுத்த எலியாவுக்கு, தேவதூதன் முதலில் சாப்பாடுதான் கொடுத்தான், அறிவுரை சொல்லவில்லை. தூக்கம் வராமல் போனாலோ, யார் அழுதாலும் மனம் மரத்துப்போனதுபோல் இருந்தாலோ உடனே குழுத் தலைவரிடம் சொல்லுங்கள். ஆலோசகரிடம் போவது விசுவாசக் குறைவு ஆகாது.

போவதற்கு முன் குழுவிடம் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். குழந்தைகள் பாதுகாப்புக்கு எழுதிவைத்த விதிகள் உண்டா? உங்களுக்குப் பிறகு அந்த வேலையை யார் தொடர்வார்கள்? முகம் தெரியும்படி யாரையும் படம் எடுத்துப் பகிராதீர்கள். யாரிடமிருந்து தப்பி வந்தார்களோ அவர்களால் இன்னும் தேடப்படுகிறவர்களும் அங்கே இருக்கலாம். யாருடைய வழக்கைப் பற்றியும் வாக்குக் கொடுக்காதீர்கள். அவர்கள் மொழியில் வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்ட கையோடு, "தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்ற வாக்கியத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே தேவைப்படும். கேட்டபின் மறக்காமல் போய்ச் சொல்லிவிடுங்கள்.